விழுகல, எறங்கினேன்

உக்காருங்க தம்பி. அந்த நாற்காலி வேண்டாம், அதுக்குக் கால் ஆடும். இதுல உக்காருங்க. காப்பி வருது.

பட்டறைக்காரங்க சங்கத்து விழா மலருக்குன்னு ஃபோன்ல சொன்னீங்க. எங்கண்ணனப் பத்தி எழுதினதக் கொண்டாந்திருக்கீங்க. படிங்க, கேக்கறேன். எனக்குக் கண்ணுதான் மங்கல், காது நல்லாக் கேக்கும்.

ம். ம். அங்கயே நிறுத்துங்க. அந்தக் கடைசி ரெண்டு வரிய இன்னொருக்கா படிங்க.

'அமரர் ஆறுசாமி அவர்கள், வெள்ளைக்காரத் துரை ஒருவர் விட்டுச் சென்ற சிறிய விமான என்ஜினைச் சீர்செய்து ஓட வைத்தார். அவருடைய தங்கை துளசிமணி அதில் பறக்க முயன்று கீழே விழுந்தார்.'

யாரு சொன்னாங்க இப்படி. அண்ணன் பையனா. அந்தப் பையன் அப்பப் பொறக்கவே இல்லீங்களே. அடிங்க தம்பி அத. பேனா இருக்குதில்ல, என் கண்ணு முன்னாடி அடிங்க. சீர்செஞ்சது அவரில்ல, நானு. முயலல, பறந்தேன். விழுகவும் இல்ல, எறங்கினேன். விழுகறதுக்கும் எறங்கறதுக்கும் வித்தியாசம் உண்டுங்க. விழுகறவன் கையில ஒண்ணும் இருக்காது. என் கையில விமானத்தத் திருப்பற குச்சி இருந்துச்சு, கடைசி வரைக்கும் புடிச்சிருந்தேன்.

எனக்குப் பேரு வேணும்னு சொல்லல. இந்த வயசுல பேர வெச்சுட்டு நான் என்ன பண்ணப் போறேன். நடந்தது நடந்த மாதிரி இருக்கோணும், அவ்வளவுதான்.

கேளுங்க. சுதந்திரம் வந்து கொஞ்ச வருசந்தான் ஆயிருந்துச்சு. மழையே இல்லாத காலம். எங்கூரு கோயமுத்தூருக்குக் கிழக்கால. குளம் வறண்டு பாளம் பாளமா வெடிச்சு, ஆடு மேய்க்கறவன்கூட அந்தப் பக்கம் போகமாட்டான். எங்களுக்கு அப்பாவும் இல்ல, அம்மாவும் இல்ல. அண்ணன் ஒருத்தருதான். ஆயில் என்ஜின் செய்யற பட்டறை வெச்சிருந்தாரு. என்னைப் படிக்கவும் வெச்சாரு, இல்லேன்னு சொல்லல. படிச்சு முடிச்சதும் கல்யாணப் பேச்சு எடுத்தாரு. நான் பட்டறைக்குப் போயிட்டேன். செஞ்ச என்ஜின ஓட்டிப் பாத்து, சரியில்லாதத திருப்பி அனுப்பற சோலி. சத்தத்தக் கேட்டே சொல்லிருவேன். ஆளுங்களுக்கு அது புடிக்காது. பொம்பளப் புள்ள வந்து இது ஆகாதுங்கறதான்னு முணுமுணுப்பானுங்க. முணுமுணுக்கட்டும்.

மலை மேல தேயிலைத் தோட்டம் வெச்சிருந்த ஒரு துரை எல்லாத்தையும் வித்துட்டு சீமைக்குப் போறான்னு கேள்விப்பட்டு, அண்ணன் அங்க இருந்த ஜெனரேட்டர வாங்கப் போனாரு. லாரி திரும்பி வந்தப்ப ஜெனரேட்டர் கூட ஒரு குட்டி விமானமும் வந்துச்சு. ஒரே ஆள் உக்காரற விமானம். ரெக்கையக் கழட்டி பக்கவாட்டுல கட்டியிருந்தாங்க, துணியெல்லாம் கிழிஞ்சு எலி கூடு கட்டியிருந்துச்சு. துரை, எடுத்துட்டுப் போனாப் போதும்னு குடுத்துட்டானாம்.

எனக்கு ரெக்கையெல்லாம் கண்ணுல படல. மூக்குல இருந்த என்ஜினத்தான் பாத்தேன். எங்க பட்டறை என்ஜின நாலு பேரு சேந்தாத்தான் நகத்த முடியும், எருமை மாதிரி. இது அப்படியில்ல. ரெண்டே சிலிண்டர். ஒருத்தன் ரெண்டு கையையும் விரிச்சு நிக்கற மாதிரி, இந்தப் பக்கம் ஒண்ணு, அந்தப் பக்கம் ஒண்ணு. தண்ணி ஊத்தறதுக்கு வழியே இல்ல. சிலிண்டரச் சுத்தி மெல்லிசா தகடு தகடா இருக்கும், காத்துதான் அதக் குளுரப் பண்ணோணும். நானே கட்டிப் புடிச்சுத் தூக்கலாம். தூக்கியும் பாத்தேன்.

அண்ணன் என்ன சொன்னாருன்னு நெனக்கறீங்க. "இத தோட்டத்துக் கெணத்துல பம்புக்கு மாட்டிரலாம்"ன்னாரு.

"அண்ணா, இது காத்துல குளுர்ற என்ஜின். மேல போறப்ப அடிக்கற காத்து வேணும். கெணத்து மேட்டுல உக்கார வெச்சா சூடேறி பிஸ்டன் ஒட்டிக்கும்"ன்னேன்.

"ஒரு ஃபேன வெச்சுக்கறேன்."

"பத்தாதுங்க."

"தென்னம்புள்ளைக சாகுது துளசி"ன்னாரு.

தென்னம்புள்ளைக்கு நான் என்ன பண்ணட்டும். சொன்னது சொன்னதுதான். அவரு கேக்கல. விசிறியக் கழட்டிப் போட்டாரு. அந்தக் காலத்துல நாங்க புரொப்பல்லர விசிறின்னுதான் சொல்லுவோம். அதுக்குப் பதிலா ஒரு சக்கரத்த மாட்டி, பெல்ட்டப் போட்டு, பம்போட சேத்தாரு. காலையில ஓடுச்சு. தண்ணி வந்துச்சு. ஊர்ச்சனம் குடத்தத் தூக்கிட்டு வந்துருச்சு. உச்சிப் பொழுதுக்குள்ள கிறீச்சுன்னு ஒரு சத்தம், ரெண்டு பிஸ்டனும் சிலிண்டரோட ஒட்டிக்கிச்சு. நான் வரப்புல உக்காந்து அதுக்குத்தான் காத்துட்டு இருந்தேன்.

"சொன்னனா இல்லியா"ன்னு கேட்டேன். அவரு காஞ்சு போன தென்னம்புள்ளைகளையே பாத்துட்டு நின்னாரு. அன்னைக்குப் பூராவும் சாப்பிடல. கோவம். தங்கச்சி சொன்னது சரியாப் போச்சேன்னு கோவம். அவரு சுபாவமே அப்படி.

"அத எனக்குக் குடுங்க"ன்னேன்.

"எடுத்துக்கோ. இனி பழைய இரும்புதான்"ன்னாரு.

இரும்பில்ல, பாதிக்கு மேல அலுமினியம். ஆனா அவரு எடுத்துக்கோன்னாருல்ல, அது முக்கியம். பின்னால பேச்சு மாத்தினாரு, அதுக்காகச் சொல்றேன்.

எனக்கு ஒத்தாசைக்கு ஒரு ஆளு கெடைச்சுது. நஞ்சப்பன்னு லேத்துல வேலை பாத்தவரு. யுத்த காலத்துல சூலூர் விமானப் பட்டறையில எடுபிடியா இருந்தவரு, அதனால விமானத்துக்கு முன்பக்கம் எது, பின்பக்கம் எதுன்னு தெரியும். அவ்வளவுதான். அதுக்கு மேல ஒண்ணும் பெருசா இல்ல. பின்னால அவரையே கட்டிக்கிட்டேன், அது வேற கதை.

ரெண்டு பேருமா மண்ணெண்ணெய ஊத்தி ஊறப்போட்டு, மரக்கட்டைய வெச்சுத் தட்டித் தட்டி பிஸ்டன வெளிய எடுத்தோம். தேஞ்சு கோடு கோடா விழுந்திருந்துச்சு. புதுசு வாங்கறதுக்கு எங்க போறது. கார்ல இருந்து கழட்டிப் போட்ட பழைய பிஸ்டன உருக்கி, அச்சுல ஊத்தி, நஞ்சப்பன் லேத்துல கடைஞ்சாரு. உருக்கினது அண்ணன்தான். ஊத்தினதும் அவருதான். மொத ரெண்டு தடவை உள்ள ஓட்டை விழுந்துச்சு, மூணாவது தடவை ராத்திரியெல்லாம் உலைகிட்டயே இருந்து ஊத்தினாரு. உலை அவரு உலை தம்பி, வேற யாரத் தொட விடுவாரு. அத வெச்சுத்தான் இன்னைக்குச் சீர்செஞ்சது அவருன்னு எழுதறீங்க. சோறு பொங்கறதுக்கு வெறகு குடுத்தவன் சமையல்காரனா.

என்ஜின ஒரு மரச்சட்டத்துல மாட்டி, சட்டத்த வேப்ப மரத்தோட கயிறு போட்டுக் கட்டி, விசிறிய மாட்டினோம். நஞ்சப்பன் விசிறியச் சுத்தி விட்டாரு. ஒரு தடவை இருமுச்சு. ரெண்டாந் தடவை இருமி நீலப் பொகை விட்டுச்சு. மூணாந் தடவை புடிச்சுக்கிச்சு. அந்தச் சத்தத்த உங்களுக்கு எப்படிச் சொல்றது. எங்க ஆயில் என்ஜின் டொக்கு டொக்குன்னு கெழவன் நடக்கற மாதிரி. இது ஓடற குதிரை. மரத்துல இருந்த எலையெல்லாம் பின்னால பறந்துச்சு, எதுத்த ஊட்டுக்காரங்க காயப்போட்ட சேலை போய் வேலியில விழுந்துச்சு, பட்டறை ஆளுங்க எல்லாம் வெளிய வந்து நின்னானுங்க. ஒருத்தனும் முணுமுணுக்கல. சிலிண்டர் மேல எச்சி தொட்டு வெச்சுப் பாத்தேன். சூடு இருந்துச்சு, ஆனா அளவா இருந்துச்சு. காத்து வாங்கறப்ப அது எப்படி ஓடுதுன்னு அண்ணனுக்குக் காட்டோணும்னு தேடினேன். அவரு ஏற்கெனவே எனக்குப் பின்னாலதான் நின்னுட்டு இருந்தாரு.

"நல்லா ஓடுது"ன்னாரு. அவரு வாயில இருந்து அவ்வளவுதான் வந்துச்சு.

அதோட விட்டிருந்தா வம்பில்ல. நான் தச்சன வரச்சொல்லி ரெக்கையச் சரி பண்ணி, மில்லுத் துணிய இழுத்துக் கட்டி, அது விறைப்பா நிக்க மருந்து பூச ஆரம்பிச்சப்பத்தான் அவருக்குப் பொறி தட்டுச்சு. சக்கரத்த மாட்டின அன்னைக்கு வந்தாரு.

"இது எதுக்கு?"

"ஓட்டறதுக்கு."

"யாரு ஓட்டறது?"

"ஒரு ஆளுதான் உக்கார முடியும். நாந்தான்."

"உனக்கு ஓட்டத் தெரியுமா?"

"நஞ்சப்பன் சொல்லிக் குடுக்கறாரு."

"அவனுக்கு ஓட்டத் தெரியுமா?"

"ஓட்டறவங்கள நெறையாப் பாத்திருக்காரு."

அண்ணன் தலையில கைய வெச்சுட்டு உக்காந்துட்டாரு. "எனக்குன்னு இருக்கறது நீ ஒருத்தி"ன்னாரு. பாத்தீங்களா பேச்ச. லேத்து இருக்குது, உலை இருக்குது, தோட்டம் இருக்குது, அந்த வரிசையில தங்கச்சியும் ஒண்ணு. எனக்கு வந்த கோவத்துக்கு அளவே இல்ல. "நான் உங்க சொத்தில்ல"ன்னு சொல்லிப்போட்டேன். எந்திரிச்சுப் போயிட்டாரு. அதுக்கப்பறம் ஊட்டுல பேச்சே இல்ல. சாப்பாடு எடுத்து வெப்பேன், சாப்பிடுவாரு. பட்டறையில பெட்ரோல் மட்டும் எனக்குத் தீராம இருந்துச்சு. எப்படின்னு நான் யோசிக்கல.

வறண்ட குளந்தான் எங்களுக்கு மைதானம். வெடிப்பயெல்லாம் மண்ணப் போட்டு நெரவி, ஒரு கரையில இருந்து மறு கரைக்கு நீளமா ஒரு தடம் செஞ்சோம். மொதல்ல தரையிலயே ஓட்டினேன். நேரா ஓட்டறதே பெரும்பாடு, வண்டி மாடு மாதிரி ஒரு பக்கமா இழுத்துட்டுப் போகும். அப்பறம் வேகங் குடுத்தா வாலு மட்டும் தூக்கும். வாலு தூக்கினதும் கொறைச்சிரோணும். தெனமும் காலையில இதே சோலி. கரை மேல சனம் வந்து குந்திக்கும், பொரி கடலை விக்கறவன்கூட வந்துட்டான். "இன்னைக்குப் பறக்குமா அம்மிணி"ன்னு கேப்பாங்க. "உனக்கென்ன அவசரம்"ன்னு சொல்லுவேன்.

அவசரம் எனக்குத்தான் இருந்துச்சு. மேக்கால மலை மேல மேகம் கட்ட ஆரம்பிச்சிருந்துச்சு. ஊரே கை எடுத்துக் கும்பிட்டு மழை வேணும் மழை வேணும்னு இருக்குது. நான் ஒருத்திதான் வேண்டாம்னு இருந்தேன். ரெண்டு மழை பேஞ்சா குளத்துல தண்ணி நிக்கும், அப்பறம் எந்த வருசம் காயுமோ. தப்புன்னு சொல்லுவாங்க. சொல்லட்டும். எனக்கு என் நெனப்பு.

அன்னைக்குக் காலையில நஞ்சப்பன் விசிறியக் கையால சுத்திப் பாத்துட்டு, "எடது சிலிண்டர்ல அழுத்தம் கம்மியா இருக்குதுங்க. பொகை வெளிய போற வால்வு சரியா மூடலீன்னு நெனக்கறேன். இன்னைக்கு வேண்டாம், கழட்டிப் பாத்துட்டு நாளைக்குப் போலாம்"ன்னாரு.

மானத்தப் பாத்தேன். பாதி மானம் கறுத்திருந்துச்சு. "நாளைக்குக் குளம் இருக்காது. சுத்துங்க"ன்னேன்.

"துளசி" அப்படீன்னாரு. அது வரைக்கும் பேரு சொல்லிக் கூப்பிட்டதில்ல.

"சுத்துங்க"ன்னேன்.

சுத்தினாரு. புடிச்சுக்கிச்சு. சத்தத்துல எனக்கு ஒரு கொறையும் தெரியல. நான் சத்தத்தக் கேட்டே சொல்றவ, ஞாபகம் வெச்சுக்கங்க.

தடத்துல பாதி போறப்பவே வாலு தூக்கிருச்சு. எப்பவும் அங்கதான் கொறைப்பேன். கொறைக்கல. சக்கரம் தடதடன்னு அடிச்சுட்டு இருந்தது, திடீர்னு அந்தத் தடதடப்பு நின்னு போச்சு. அவ்வளவுதான் தம்பி. பறக்கறதுன்னா அதுதான், கீழ இருந்து வர்ற அடி நின்னு போறது. கரை எனக்குக் கீழ போச்சு. சனமெல்லாம் மொகத்த மேல தூக்கிட்டு வாயத் தொறந்துட்டு நின்னாங்க. பனை மரத்துக்கு மேல போனேன். எங்க பட்டறை ஓடு தெரிஞ்சுது, எங்க கெணறு ஒரு கறுப்புப் பொட்டு மாதிரி தெரிஞ்சுது. மொகத்துல அடிச்ச காத்துதான் சிலிண்டர் மேலயும் அடிச்சுது. அந்த என்ஜினுக்கு என்ன வேணும்னு சொன்னனோ, அது அப்பத்தான் கெடைச்சுது. எனக்குச் சிரிப்பு வந்துருச்சு.

மெதுவாத் திரும்பி குளத்தப் பாத்து வர்றப்ப, எடது சிலிண்டர் நின்னு போச்சு.

பெட்ரோல்ல தண்ணி. நல்லாக் கேட்டுக்கங்க, பெட்ரோல்ல தண்ணி கலந்திருந்துச்சு. பின்னால நஞ்சப்பன் கழட்டிப் பாத்துட்டு வால்வு ஒரு பக்கம் கருகி ஓரமே போயிருச்சுன்னு சொன்னாரு. எடுத்துட்டு வந்து என் கையிலயே குடுத்தாரு. கருகித்தான் இருந்துச்சு. வால்வு கருகறது சகஜம், எல்லா என்ஜின்லயும் கருகும். ஆனா நின்னதுக்குக் காரணம் பெட்ரோல். நான் அன்னைக்கும் அதான் சொன்னேன், இன்னைக்கும் அதான் சொல்றேன்.

ரெண்டு கையில ஒரு கை போச்சுன்னா எப்படி இருக்கும். விமானம் பூராவும் சல்லடை மாதிரி ஆடுச்சு, பல்லெல்லாம் கிட்டிக்கிச்சு. ஒத்தச் சிலிண்டரு மேல தூக்காது. மூக்கக் கீழ விட்டு வேகத்தக் காப்பாத்திட்டு, நேரா குளத்துக்குக் கொண்டாந்தேன். தடத்துக்கு வரமுடியல. அக்கட்டக் கோடியில கருவேல மரத்துக்குப் பக்கத்துல எறங்கினேன். சக்கரம் ஒண்ணு வெடிப்புல மாட்டி ஒடிஞ்சுது. ஒரு ரெக்கை மடங்குச்சு. மூக்கு மண்ணுல குத்திக்கிச்சு. எனக்குத் தோள்பட்டை எலும்பு முறிஞ்சுது. மத்தபடி ஒண்ணும் ஆகல.

எறங்கினேன்னுதான் சொல்லுவேன்.

அப்பப் பாத்தாக்க, அந்தக் கருவேல மரத்துக்குப் பின்னால எங்க பட்டறை லாரி நிக்குது. அண்ணன் அதுல இருந்து குதிச்சு ஓடி வர்றாரு. நெம்பப் பருத்த ஒடம்பு அவருக்கு, ஓடி நான் பாத்ததே இல்ல. செருப்பு ரெண்டும் எங்கயோ கழண்டு போச்சு. கையில ஈரச் சாக்கு. பின்னால பட்டறை ஆளுங்க ரெண்டு பேரு மணல் வாளியத் தூக்கிட்டு வர்றானுங்க. லாரி மேல ஏணி, கோடாலி, கயித்துக் கட்டில், அது மேல மெத்தை.

புரியுதுங்களா. ஊட்டுல எங்கூடப் பேசாத மனுசன், நான் விழுகறதப் பாக்கறதுக்கு எல்லா ஏற்பாட்டோடவும் வந்து காத்துட்டு இருந்திருக்காரு. அன்னைக்கு மட்டுமில்ல, நான் தரையில ஓட்டின நாளெல்லாம் அந்த லாரி அங்க வந்து நின்னுதாம். பின்னாலதான் தெரிஞ்சுது. சாக்க நனைச்சு நனைச்சு வெப்பாராம், காஞ்சா மறுபடி நனைப்பாராம். ஊர்ல குடிக்கத் தண்ணியில்லாத காலத்துல. எத்தனை நம்பிக்கை பாருங்க, தங்கச்சி கீழ வந்து எரிவான்னு.

ஈரச் சாக்க என் மேல போட்டு மூடினாரு. என்னைச் சீட்டோட கட்டியிருந்த வார அவுக்கப் பாத்தாரு, வரல. கடைசியில கத்தியால அறுத்தாரு. அப்பறம் ஏதாவது சொல்லோணுமேன்னு, "என்ஜினுக்கு ஏதாச்சும் ஆச்சா"ன்னாரு.

தோள்பட்டை முறிஞ்சு கெடக்கறேன். கேக்கறது என்ஜின.

"உங்க என்ஜினுக்கு ஒண்ணும் ஆகல. பெட்ரோல்ல தண்ணி"ன்னேன்.

"விழுந்துட்டியே துளசி"ன்னாரு.

"விழுகல, எறங்கினேன்"ன்னேன். அப்ப ஆரம்பிச்சது தம்பி இந்தச் சண்டை.

ஆஸ்பத்திரியில கட்டுப் போட்டுப் படுத்திருக்கறப்ப மழை வந்துருச்சு. சன்னலெல்லாம் படபடன்னு அடிக்குது. ஊரே சந்தோசமா இருக்குது. அண்ணன் பக்கத்துல உக்காந்து, "இனிமே ஏறமாட்டேன்னு ஒரு வார்த்தை சொல்லு"ன்னு கேட்டாரு.

"சொல்ல மாட்டேன்."

"எனக்காகச் சொல்லு."

"அண்ணா, நீங்க எடுத்துக்கோன்னு குடுத்தீங்க. நான் எடுத்துக்கிட்டேன்."

சாரல் அடிக்குதுன்னு எந்திரிச்சு சன்னலச் சாத்தினாரு. "சரி. ஏறறதுன்னா என்கிட்டச் சொல்லிட்டு ஏறு"ன்னாரு.

நஞ்சப்பனக் கட்டிக்கறேன்னு சொன்னப்ப ஒறம்பரை சொந்தபந்தமெல்லாம் ஒரே கூச்சல், பட்டறையில வேலை பாக்கறவனுக்கா பொண்ணுன்னு. அண்ணன் அவரக் கூப்பிட்டு ஒண்ணே ஒண்ணு கேட்டாராம். "அவளப் பறக்காம தடுப்பியா?" இவரு, "தடுக்க முடியாதுங்க. ஆனா இனிமே வால்வு சரியில்லாம விசிறியச் சுத்தி விடமாட்டேன். அவ என்ன திட்டினாலும்"ன்னாராம். அண்ணன் சரின்னுட்டாரு. எதுக்கு ஒத்துக்கிட்டாருன்னு எனக்கு இன்னை வரைக்கும் புரியல. தொலைஞ்சா சரின்னு இருந்திருப்பாரு.

அப்பறம் சில வருசங்கழிச்சு கோயமுத்தூர்ல விமானம் ஓட்டக் கத்துக் குடுக்கற கிளப் ஒண்ணு வந்துச்சு. நானும் போய்ச் சேந்தேன். அங்க நாலு சிலிண்டர் என்ஜின், எல்லாத்துக்கும் ரெண்டு ரெண்டு பிளக், ஒண்ணு நின்னா ஒண்ணு எரியும். சொகுசு. முறையாக் கத்து, பரீட்சை எழுதி, லைசென்ஸ் வாங்கினேன். ரெண்டு புள்ளைகளப் பெத்ததுக்கப்பறமும் ஓட்டினேன். கண்ணு மங்கற வரைக்கும் ஓட்டினேன்.

நான் எப்பப் போறேன்னு அண்ணன்கிட்டச் சொன்னதே இல்ல. ஆனா எவனோ சொல்லிருவான். எங்க ஊட்டுக்காரரா இருக்கும்னு எனக்குச் சந்தேகம், கேட்டா தெரியாதும்பாரு. நான் மேல ஏறி வட்டம் போட்டுப் பாக்கறப்ப, மைதானத்து வேலிக்கு வெளிய எங்க லாரி நிக்கும். அது பழசாகி வேற லாரி வந்துச்சு. அதுவும் நின்னுது. அண்ணனுக்குத் தல நரைச்சுது, மூட்டு வலி வந்து ஆளப் புடிச்சுட்டு எறங்கற நெலமைக்கு வந்தாரு. அப்பவும் ஒரு ஸ்டூலப் போட்டு வேலியோரம் உக்காந்து, மானத்தப் பாத்துட்டே இருப்பாரு. பக்கத்துல ஈரச் சாக்கு. நான் எறங்கி என்ஜின நிறுத்தினதும் லாரியில ஏறிப் போயிருவாரு.

எத்தனை வருசம் தம்பி. நான் விழுகறதப் பாக்கோணும்னு ஒரு மனுசனுக்கு அத்தனை ஆசை இருக்குமா. வெயில்ல உக்காந்து உக்காந்து உடம்பக் கெடுத்துக்கிட்டாரு. கடைசியா ஆஸ்பத்திரியில இருந்தப்பக்கூட, "இன்னைக்குப் போறியா"ன்னுதான் கேட்டாரு.

"இன்னைக்குப் போகலண்ணா"ன்னேன்.

"அப்பச் சரி"ன்னு கண்ண மூடிக்கிட்டாரு.

நீங்க எழுதிக்கங்க. அவரு பேரையும் எழுதுங்க, பிஸ்டன் ஊத்தினாருன்னு எழுதுங்க, அது நெசந்தான். ஆனா அவரு தங்கச்சி விழுந்தான்னு மட்டும் எழுதாதீங்க. அத்தனை வருசம் வேலியோரம் காத்துட்டு இருந்தாரே, அவருக்கே அதப் பாக்கக் குடுக்கல நான்.